ஆர்வோவின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்து

பத்தில் மூன்று பங்கு நொடி. போன ஆகஸ்டில் நானும் என் கணவன் ஆர்வோவும் தோற்றது வெறும் அந்த வித்தியாசத்தில்தான். அதற்கு முந்தைய வருடம் அரை நொடி. அதற்கும் முந்தைய வருடத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அன்று ஆர்வோ கால் வழுக்கி மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான். மூன்று முறையும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஜோலீனும் அவள் கணவன் கர்ட்டும்.

தம்பதிகளுக்கான ரம்பப் போட்டி அது. பதினெட்டு அங்குலப் பருமனில் ஓர் அடிமரம் தாங்கியில் கிடக்கும். ஆறடி நீள ரம்பத்தின் ஒரு முனையில் கணவன், மறுமுனையில் மனைவி. விசில் ஊதியதும் இழுக்க வேண்டும். இழுக்க மட்டுமே வேண்டும். தள்ளினால் ரம்பம் வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். வட்டமாக ஒரு துண்டு அறுந்து தரையில் விழும்போது கடிகாரம் நிற்கும். மிச்சிகனின் வடக்குக் கோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் வட்டாரத் திருவிழாவில், பன்றிக் கண்காட்சிக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள்.

என் பெயர் ரோண்டா. ஊர் பேக்கரியில் அடுப்பு என் பொறுப்பு. காலை மூன்றரைக்கு வேலை. ஏலக்காய் ரொட்டியும் இறைச்சி வைத்த பேஸ்டியும் ஆறு மணிக்குள் கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட வேண்டும். ஆர்வோவுக்குப் பாலாடைக்கட்டி ஆலையின் குளிர் அறையில் வேலை. பகலெல்லாம் நான் வேகிறேன், அவன் விறைக்கிறான். வீட்டுக்கு வந்தால் எனக்குக் குளிர்ச்சி வேண்டும், அவனுக்குச் சூடு வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே கட்டிலில் போட்டு இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் படுக்கையறை மாடியில், மேற்குப் பார்த்தது. ஜூன் மாதத்தில் எங்கள் ஊரில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் போகாது. மூன்று மணிக்கு எழ வேண்டிய நான் எட்டு மணிக்கே படுக்க வேண்டும். அப்போது வெயில் நேராகத் தலையணையில் அடிக்கும். அறையில் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட். நான் ஜன்னலைத் திறப்பேன், ஆர்வோ வந்து மூடுவான். நான் போர்வையை உதறுவேன், அவன் அதை இழுத்து என் மேலேயே போடுவான். எனக்கு ஐம்பத்தொரு வயது. மாதவிலக்கு நிற்கிற நேரம். திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்து வரை தீப்பிடித்த மாதிரி ஏறும். இரவில் நாலைந்து முறை வேர்வையில் நனைந்து எழுவேன்.

போதாததற்கு வலது தோள். சிறு வயதிலிருந்தே நான் வலப்பக்கம் ஒருக்களித்து, கையைத் தலையணைக்கடியில் செருகிக்கொண்டுதான் தூங்குவேன். எழும்போது கை மரத்துப் போயிருக்கும். இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உயிர் வரும் வரை காத்திருப்பேன். மே மாதம் பயிற்சி தொடங்கியபோது தோளை உயர்த்தவே முடியவில்லை. பன்னிரண்டு நொடி ஆயிற்று எங்களுக்கு. ஜோலீன் தம்பதி வழக்கமாகப் பத்தில் முடிப்பவர்கள்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். தசைநார் நசுங்கி வீங்கியிருக்கிறதாம். "ஆகஸ்டுக்குள்ள வீக்கம் வத்தலைன்னா ரம்பத்தை மறந்துடுங்க ரோண்டா" என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து ஆர்வோவிடம் சொன்னேன். அவன் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். அது அவனுடைய வழக்கம். ஆறு மணிக்குச் சாப்பிட உட்காருவான். முள்கரண்டி கையில் இருக்க, தாடை மார்பில் விழும்.

அன்று மாலைதான் சண்டை வந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். அவன் எழுந்து மூடினான்.

"ஆர்வோ, நான் வெந்து சாகறேன்."

"எனக்கு முதுகெலும்பு வரைக்கும் பனி இருக்கு, ரோண்டா. எட்டு மணி நேரம் குளிர் அறையில நின்னுட்டு வந்திருக்கேன். ஒரு மனுஷன் தன் வீட்டுலயாவது கதகதன்னு இருக்கக் கூடாதா?"

"அப்ப என் அடுப்புக்குள்ள வந்து படு!"

தலையணையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு அடியில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனேன். அங்கே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், எங்கள் மகன் சாரணர் முகாமுக்குக் கொண்டுபோன மடக்குக் கட்டில் கிடந்தது. இரண்டடி அகலம்கூட இருக்காது. ஒருக்களித்தால் விழுந்துவிடுவேன் போல இருந்தது. சவப்பெட்டியில் கிடக்கிற மாதிரி மல்லாந்து, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, ஆர்வோவை மனதுக்குள் திட்டிக்கொண்டே கிடந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது அலார ஒலிதான்.

ஏழு மணி நேரம்! நடுவில் ஒருமுறைகூட விழிக்கவில்லை. இரவு உடை காய்ந்திருந்தது. வலது கையைத் தூக்கினேன். தூக்க முடிந்தது! விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். பிறகு இரண்டு இரண்டு படியாக ஏறி மாடிக்கு ஓடினேன்.

"ஆர்வோ! எழுந்திரு! என் கை இருக்கு!"

அவன் பாதிக் கண்ணைத் திறந்தான். "எங்க போச்சு?"

"மரத்துப் போகலைய்யா! நல்லாத் தூங்கினேன்!"

"என்னை விட்டுப் போனதாலதான் தூக்கம் வந்துச்சுன்னு நேரா சொல்லிடேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. அன்று முழுக்க மாவு பிசையும்போது அதையே யோசித்தேன். உண்மையில் எது காரணம்? குளிர்ச்சியா, மல்லாந்து படுத்ததா, அல்லது அவன் இல்லாததா? ரொட்டி சரியாக உப்பவில்லை என்றால் நான் ஈஸ்ட்டையும் மாவையும் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றமாட்டேன். ஒவ்வொன்றாக மாற்றித்தான் பார்ப்பேன். இதிலும் அப்படியே செய்வதென்று முடிவு செய்தேன்.

அன்று மாடியிலேயே, ஆர்வோவுக்குப் பக்கத்திலேயே படுத்தேன். ஆனால் மல்லாந்து, உருளாமல் இருக்க வலப்பக்கம் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். காலையில் கை நன்றாக இருந்தது. ஆனால் நான்கு முறை நனைந்து எழுந்திருந்தேன். மறுநாள் ஆர்வோவைக் கூடத்து சோபாவுக்கு அனுப்பிவிட்டு மாடியில் தனியாகப் படுத்தும் அதே கதைதான். அதற்கடுத்த நாள் பேஸ்மென்டில் பெரிய மெத்தையைப் போட்டு, பழையபடி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். பெரிதாக விழிப்பே வரவில்லை. ஆனால் காலையில் கை செத்துக் கிடந்தது.

விடை கிடைத்துவிட்டது! மூன்று மணிக்குப் படிக்கட்டின் அடியில் நின்று கத்தினேன்: "ஆர்வோ! திருடன் ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு! தூக்கத்தைக் கெடுக்கறது சூடு. தோளைக் கெடுக்கறது நான் படுக்கிற விதம். நீ இல்லப்பா! உனக்கு இதுல பங்கே இல்ல!"

மேலே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு வெறுங்காலோடு இறங்கி வந்தான். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "அப்ப நான் கீழ வந்து படுக்கலாமா?"

"அறுபத்தஞ்சு டிகிரிதான் இருக்கும். தாங்குவியா?"

"நீ இருந்தா தாங்குவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலைக் கழற்றி பேஸ்மென்டுக்கு இறக்கினோம். ஒரே போர்வைக்கு அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம்: எனக்கு மெல்லிய பருத்தி, அவனுக்கு வாத்திறகு அடைத்த கனமான ஒன்று. அவன் காலுக்கு முழங்கால் வரை கம்பளிக் காலுறை. பாதம் சூடாகிவிட்டால் அவன் உடனே தூங்கிவிடுகிறான் என்பதை இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன்.

தூங்கினான். தூங்கியதோடு குறட்டையும் விட்டான். மாடியில் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்தது, பேஸ்மென்டின் சிமெண்டுச் சுவரில் மோதி இரு மடங்காகத் திரும்பி வந்தது. ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தால் குறட்டை. விலாவில் குத்தினால் பக்கவாட்டில் திரும்புவான். அந்த நொடியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மல்லாந்துவிடுவான். எனக்கு எது நல்லதோ அது அவனுக்குக் கெடுதல்! எனக்கு மல்லாக்க, அவனுக்கு ஒருக்களித்து. அவ்வளவுதான் விஷயம்.

பழைய பனியன் ஒன்றின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பை தைத்தேன். அதற்குள் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு வாயையும் தைத்துவிட்டேன்.

"இது என்ன, என்னை ஒட்டகமாக்கறியா?" என்றான் ஆர்வோ.

"போட்டுக்கோ. மல்லாந்தா குத்தும், திரும்பிடுவே."

"ஆலையில யாருக்கும் தெரியக் கூடாது."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

மறுநாள் பேக்கரியில் என் கூட்டாளி லூவிடம் மட்டும் சொன்னேன். மதியத்துக்குள் ஆலைக்குத் தெரிந்துவிட்டது. அவன் குளிர் அறையில் குனியும்போதெல்லாம் யாராவது முதுகைத் தட்டி, "பந்து எங்கே ஆர்வோ?" என்று கேட்டார்களாம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பனியனை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டான்.

நான்காம் நாள் மாலை நான் அடுப்படியில் இருந்தேன். அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான். பிறகு நடுவீட்டில் நின்று தன் கைகளையே பார்த்தான்.

"ரோண்டா."

"என்ன?"

"மணி ஏழு. நான் தூங்கலை."

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான்! கண் பளிச்சென்று இருந்தது.

"பத்து வருஷமா எனக்கு வயசாகுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு வயசாகலைடி! தூக்கம்தான் பத்தலை! வா, வெளியில போய் மரம் அறுக்கலாம்!"

அன்று கொல்லையில் பதினொன்றே கால் நொடி. ஒரு வாரத்தில் பதினொன்றுக்குக் கீழே. என் தோள் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை கூடுதலாக உயர்ந்தது. ஜூலை நடுவில் மருத்துவர் கையைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். மகனுடைய மடக்குக் கட்டில் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

சௌனா குளியலையும் சேர்த்துக்கொண்டோம். ஃபின்லாந்து வழியில் வந்த எல்லா வீட்டையும் போல எங்கள் கொல்லையிலும் அந்த வெந்நீராவி அறை உண்டு. உடம்பு ஏற்கெனவே எரிகிறதே என்று கோடையில் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஆர்வோதான் விடாமல் இழுத்துப் போனான். "படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நல்லா வேர்த்துட்டு, வெளிய வந்து காத்துல உட்காரு. உடம்பு எப்படி எறங்குதுன்னு பாரு." அவன் சொன்னது சரி. தோலிலிருந்து சூடு ஆவியாகப் பறந்து போனது. அன்று அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் எங்கள் நேரம் பத்து நொடியைத் தொட்டது. ஆர்வோ கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான். இன்னொரு துண்டு அறுத்தோம். ஒன்பது புள்ளி ஒன்பது! பக்கத்து வீட்டு நாய் பயந்து ஓடும்படி இருவரும் கூச்சலிட்டோம்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் எங்கள் வண்டிக்குப் பின்னால், படுத்துக்கொள்வதற்கான சிறிய தகர வண்டி ஒன்றையும் இழுத்துக்கொண்டு தொண்ணூறு மைல் போய்ச் சேர்ந்தோம். தெற்கிலிருந்து அனல் காற்று. மாலை ஏழு மணிக்குத் தகர வண்டிக்குள் எண்பத்தெட்டு டிகிரி. காற்றுப் புகாத அந்தத் தகரப் பெட்டியில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். கழுத்தில் தீ ஏறியது. மூன்று மாத உழைப்பும் ஒரு மாலையில் கரைந்து போவதாகத் தோன்றி, அழுகை வந்துவிட்டது.

ஆர்வோ எழுந்து உட்கார்ந்தான். "மெத்தையைத் தூக்கு."

"எங்க?"

"ஏரிக்கு."

மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு, முகாமிட்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் நடந்தோம். பீர் கூடார வாசலில் ஜோலீன் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கண்ணாடிக் குவளை தளும்பியது.

"அடடா! ரெண்டாவது தேனிலவா ரோண்டா?"

"தூங்கப் போறோம்."

"சூரியன் இன்னும் எறங்கலையே! அது என்ன, ரெண்டு போர்வை? சண்டையா?"

கர்ட் உள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "ஆர்வோ, முதுகுல என்னய்யா கட்டி?"

ஆர்வோ நிற்கவே இல்லை. "நாளைக்குச் சொல்றேன், கர்ட்!"

மணல்மேடு ஒன்றின் மறுபக்கம் மெத்தையைப் போட்டோம். சுப்பீரியர் ஏரியின் நீர் ஆகஸ்டிலும் குளிர்ந்தே இருக்கும். அதன் மேல் தவழ்ந்து வந்த காற்றில் அறுபத்திரண்டு டிகிரிதான். கொசு நிற்க முடியாத காற்று. பழைய துண்டு ஒன்றைக் கண்ணுக்கு மேல் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டேன். சுருட்டிய இன்னொன்றை வலப்பக்கம் வைத்தேன். ஆர்வோ காலுறையை இழுத்துவிட்டு, வாத்திறகுப் போர்வைக்குள் மூக்கு வரை புதைந்து, ஏரிப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

அதற்குள் தூங்கிவிட்டிருந்தான். அலைச் சத்தத்தை எண்ணத் தொடங்கினேன். பதினொன்றோ பன்னிரண்டோ வரை நினைவிருக்கிறது.

மறுநாள் பதினோரு மணிக்குப் போட்டி. எட்டுத் தம்பதிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. ஆறாவதாக ஜோலீனும் கர்ட்டும் ஏறினார்கள். இருவருக்கும் கண்ணடியில் கருமை. ஆனாலும் என்ன இழுப்பு! மரத்தூள் நீரூற்று மாதிரி பீய்ச்சியடித்தது. துண்டு விழுந்தது. ஒன்பது புள்ளி எட்டு. அது திருவிழாவின் புதிய சாதனை. கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

நாங்கள் எட்டாவது. கைப்பிடியைப் பற்றும்போது என் உள்ளங்கை காய்ந்திருப்பதைக் கவனித்தேன். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் ஆர்வோ. அவன் கண்ணில் வெள்ளை அவ்வளவு வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

விசில்!

இழுத்தான். இழுத்தேன். இழுத்தான். இழுத்தேன். இடுப்பிலிருந்து, குதிகாலிலிருந்து, தோளைத் தாண்டிப் பின்னால். வலியே இல்லை! பல் மரத்தைத் தின்னும் சத்தம் சீராக ஏறியது. பாதி மரம் போயிருக்கும். திடீரென்று ரம்பம் கனத்தது. உள்ளே கணு! இரும்பு மாதிரி ஒரு கணு. பழைய ரோண்டாவாக இருந்தால் அந்த இடத்தில் பதறித் தள்ளியிருப்பாள். அரைத் தூக்கத்தில் இருப்பவளுக்குப் பொறுமை ஏது? நான் தள்ளவில்லை. கையைத் தளர்த்தி, அவன் இழுக்க விட்டேன். பிறகு என் முறை. நீளமாக, கடைசிப் பல் வரை இழுத்தேன். மறுபடி அவன். ஏதோ படக்கென்று விட்டது. கணு அறுந்துவிட்டது!

"போ! போ! போ!" ஆர்வோ கத்தினான். அல்லது நான் கத்தினேன். இன்னும் நான்கு இழுப்பு, மூன்று, இரண்டு...

துண்டு என் காலடியில் விழுந்தது.

கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆர்வோவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"ஒன்பது... புள்ளி... ஆறு!"

எப்படி மேடையிலிருந்து இறங்கினேன் என்று தெரியாது. ஆர்வோ என்னைத் தூக்கிச் சுற்றினான். ஐம்பத்தைந்து வயது ஆள், என் எடைக்கு! இருவரும் மரத்தூளில் விழுந்தோம். இந்த முறை வழுக்கியதற்காக யாரும் சிரிக்கவில்லை.

ஜோலீன்தான் முதலில் வந்து கையை நீட்டித் தூக்கிவிட்டாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அவள் பிடி உண்மையானது. "நல்லா இழுத்தே ரோண்டா. கணுவை நானும் பார்த்தேன். எங்க ரம்பமா இருந்தா அங்கேயே செத்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரம்பத்துக்கு யாருகிட்ட பல்லு தீட்டினீங்க? சொல்லு, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."

"அதே ஆள்தான், அதே ரம்பம்தான். தூங்கினோம், ஜோலீன்."

"போடி!"

"நெஜமா. உன் படுக்கையறையில எத்தனை டிகிரி?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு கர்ட்டைப் பார்த்தாள். கர்ட் தரையைப் பார்த்தான். "எழுபத்தாறு," என்றாள் மெதுவாக. "இந்த மனுஷன் குறைக்க விடமாட்டான். நானும் வருஷக்கணக்காச் சொல்றேன்."

"எனக்குக் கால் ஜில்லுன்னு ஆயிடுது," என்றான் கர்ட்.

ஆர்வோ அவன் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனான். இருவரும் வறுத்த மீன் கடைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். ஆர்வோ தன் காலைத் தூக்கிக் காட்டி எதையோ விளக்குவதும், பெரிய உடம்புக்காரன் கர்ட் வாய் பிளந்து கேட்பதும் எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஜோலீனும் நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மீன் தின்றோம். மூன்று வருடமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், அன்று நாற்பது நிமிடம் தோள்வலியையும் வேர்வையையும் கணவன்மார்களையும் பற்றி மூச்சுவிடாமல் பேசினோம். அவளுக்கும் அந்தத் தீ ஏறுகிறதாம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

கிளம்பும் நேரத்தில் போட்டி அமைப்பாளர் ஒரு தாளோடு ஓடி வந்தார். அடுத்த ஜூலையில் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் பெரிய போட்டி. எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரு தம்பதியை அனுப்புவார்களாம். யோசித்துச் சொல்ல ஒரு வாரம் அவகாசம் உண்டென்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்வோ அவருடைய பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ஜன்னல்கள் நான்கும் திறந்திருந்தன. கோப்பை என் மடியில் வெயிலில் கொதித்தது. வழியில் வந்த ஒவ்வொரு ஊரிலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆர்வோ ஹாரனை நீளமாக அடித்தான், நான் தலையை வெளியே நீட்டி, "ஒன்பது புள்ளி ஆறு!" என்று கத்தினேன்.